முற்றத்துக்கு எத்தனை நூல் கனம்?

கல் கடைக்குப் போனதும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எத்தனை சதுர அடி என்பது. அடுத்தது, என்ன கலர் என்பது. கனத்தைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கடையில் அடுக்கி வைத்திருப்பது ஆறு நூல் என்றால் ஆறு நூல் கல்லே வண்டியில் ஏறும். ஒரு இஞ்ச் என்றால் ஒரு இஞ்ச். ஆனால் முற்றத்துக் கல் உடைவதும், ஆடுவதும், அடியில் நீர் கோத்துக்கொள்வதும் நிறத்தாலோ விலையாலோ வருவதில்லை. கனமும் அதன் அடியில் உள்ள படுகையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோதுதான் இவையெல்லாம் நேர்கின்றன. ஆகவே கல்லின் கனத்தை உங்கள் முற்றத்து மண்ணில் நின்று முடிவு செய்யுங்கள். கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். இந்த அத்தியாயம் முழுக்க அதற்கான கணக்குதான்.

மதுரையில் சிம்மக்கல்லும் அதை ஒட்டிய யானைக்கல்லும் கல்லையே பெயராகக் கொண்ட பகுதிகள். வடகிழக்கே யானைமலையும் அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பாறைகளும் இருக்கும் ஊர் மதுரை. கல் இங்கே அரிய பொருள் இல்லை. ஆனால் வைகைக் கரையை ஒட்டி, சுவரோடு சுவராக வீடுகள் நெருங்கி நிற்கும் சிம்மக்கல் போன்ற பழைய பகுதியில் முற்றத்தின் அளவும் மட்டமும் மண்ணும் ஏற்கெனவே முடிவானவை. அந்த மூன்றுக்கும் கல் இசைந்துபோக வேண்டும்.

கனத்தின் அளவுமொழி

கொத்தனார் சொல்லும் ஒரு நூல் என்பது ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ. ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச், ஏறத்தாழ 19 மி.மீ. எட்டு நூல் ஒரு இஞ்ச், அதாவது 25 மி.மீ. கடைகளில் பாலிஷ் போட்ட கிரானைட் பெரும்பாலும் 16 முதல் 20 மி.மீ. கனத்தில் கிடைக்கும். வெளித்தளத்துக்கான சொரசொரப்பான ஃபிளேம் கிரானைட் 20, 30 மி.மீ. கனங்களில் அறுத்து வரும். கடப்பா, தாந்தூர், கோட்டா ஆகிய மூன்றும் சுண்ணாம்புக் கல் வகை. அடுக்கடுக்காகப் பிளந்து எடுக்கப்படுவதால் இவற்றின் கனம் ஒரே சீராக இருக்காது. ஒரு இஞ்ச் என்று வாங்கிய கடப்பாக் கல்லில் ஒரு மூலை ஏழு நூலும் எதிர் மூலை ஒன்பது நூலும் இருப்பது சாதாரணம்.

எடைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கிரானைட்டும் சுண்ணாம்புக் கல்லும் 20 மி.மீ. கனத்தில் சதுர அடிக்கு சுமார் 5 கிலோ இருக்கும். 40 மி.மீ. என்றால் 10 கிலோ, 50 மி.மீ. என்றால் பன்னிரண்டரை கிலோ. இரண்டுக்கு இரண்டு அடிப் பலகை 40 மி.மீ. கனத்தில் 40 கிலோ வரும். 12 அடிக்கு 10 அடி முற்றத்துக்கு 20 மி.மீ. கல் 600 கிலோ, 50 மி.மீ. கல் ஒன்றரை டன். சிம்மக்கல் வீட்டில் இந்த எடை முழுவதும் தெருவில் இறங்கி, குறுகலான நடை வழியாக ஆள் சுமந்துதான் முற்றத்துக்கு வர வேண்டும். நடையின் திருப்பத்தில் பலகை திரும்புமா என்று ஒரு அட்டையை அந்த அளவுக்கு வெட்டித் தூக்கிப் பார்த்த பிறகே கல்லின் நீள அகலத்தை முடிவு செய்யுங்கள்.

கல் எங்கே உடைகிறது

கோட்பாடாக ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அடியில் முழுப் பரப்பிலும் தாங்கல் உள்ள கல், அமுக்கத்தை மட்டுமே சந்திக்கும். அமுக்கத்தைத் தாங்குவதில் எந்தக் கல்லும் சளைக்காது. அடியில் ஓரிடத்தில் வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் கல் பாலம்போல் வளைய வேண்டியிருக்கும், வளைவைத் தாங்குவதில்தான் கல் பலவீனமானது. வளைவைத் தாங்கும் திறன் கனத்தின் வர்க்கத்தோடு கூடும். 20 மி.மீ. கல்லைவிட 30 மி.மீ. கல் இரண்டேகால் மடங்கு தாங்கும், 40 மி.மீ. கல் நான்கு மடங்கு தாங்கும். எனவே கனம் என்பது அடியில் உள்ள குறைக்கு நீங்கள் கொடுக்கும் காப்பீடு. படுகை உறுதியாகவும் பொள்ளல் இல்லாமலும் இருந்தால் மெல்லிய கல்லே போதும். படுகை நகரக்கூடியது என்றால் அந்த நகர்வை ஈடுசெய்யும் அளவுக்குக் கனம் வேண்டும்.

இதற்கு வழக்கமாக ஒரு மறுப்பு எழும். மீனாட்சி அம்மன் கோயில் ஆடி வீதியின் கருங்கல் தளத்தில் யானை நடக்கிறது, கூட்டம் நடக்கிறது, கல் அசையவில்லை. கனமாகப் போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். அந்தக் கல் நிற்பது உண்மைதான். ஆனால் அந்தப் பலகைகள் கனத்தவை என்பதோடு அவற்றின் அடியில் உள்ள மண் நூற்றாண்டுகளாக மிதிபட்டு இறுகியது, வெளியே சுற்று மதில் உண்டு, மழைநீர் போக வழி உண்டு. அந்தக் கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, போன மாதம் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய முற்றத்தில் போட்டால், கல் உடையாமல் ஒரு பக்கமாகச் சாயும். கனமான கல் உடைவதைத் தடுக்கும், அமிழ்வதைத் தடுக்காது. எடை கூடும் அளவுக்கு அமிழ்வதும் கூடும்.

எதிர்ப்பக்கத்து மறுப்பும் உண்டு. ஹாலில் ஆறு நூல் கிரானைட் பத்து வருஷமாகக் கீறல் இல்லாமல் இருக்கிறது, முற்றத்துக்கு ஏன் அதிகம் என்பார்கள். ஹாலில் வெயில் இல்லை, மழை இல்லை, புல்லட்டின் ஸ்டாண்ட் இறங்குவதில்லை. முற்றத்தில் மூன்றும் உண்டு. மதுரைக் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் காயும் கல், மாலையில் தண்ணீர் தெளித்ததும் சட்டென்று சுருங்கும். 20 அடி நீளக் கிரானைட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. விரியும். சிறிய அளவுதான், ஆனால் இடைவெளியே விடாமல் சுவரோடு முட்டி ஒட்டிய மெல்லிய கல் படுகையை விட்டு மேலெழும்ப அது போதும். மேலெழும்பிய இடம் வெற்றிடம். வெற்றிடத்தின் மேல் ஸ்டாண்ட் இறங்கும் நாளில் கல் விரிசல் விடும்.

எந்தப் படுகைக்கு எந்தக் கனம்

இனி வரும் அளவுகள், நல்ல மண்ணில் ஒழுங்காகத் திமிசு போட்டு இறுக்கிய தரைக்கானவை.

1. *நாலு இஞ்ச் கான்கிரீட் மேல், ஆள் நடமாட்டம் மட்டும்:* 20 முதல் 25 மி.மீ. போதும். பலகை இரண்டுக்கு இரண்டு அடியைத் தாண்டக் கூடாது. கடப்பா, தாந்தூர் என்றால் 25 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். நாள்பட மேலே செதில் உரிந்தாலும் அடியில் கல் மிஞ்சியிருக்க வேண்டும்.

2. *அதே கான்கிரீட் மேல், இருசக்கர வண்டி நிறுத்துவதற்கு:* 30 மி.மீ. ஸ்கூட்டர் நூறு கிலோவுக்குச் சற்று மேல், புல்லட் 190 கிலோவுக்கு மேல். அந்த எடையில் பெரும்பங்கு சென்டர் ஸ்டாண்டின் இரண்டு சிறு பாதங்களில், விரல் அகல இடத்தில் இறங்குகிறது. வண்டியை ஸ்டாண்ட் போட இழுக்கும்போது விழும் அடி, சும்மா நிற்கும் எடையைவிடக் கடுமையானது.

3. *கான்கிரீட் இல்லாமல் கிராவல், கிரஷர் டஸ்ட் மேல்:* நடமாட்டத்துக்கு 40 மி.மீ., வண்டிக்கு 50 மி.மீ. இங்கே படுகை சிறிதளவு நகர்வது நிச்சயம் என்பதால் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது.

4. *கார் ஏறுமிடம்:* பெரிய பலகையை மறந்துவிடுங்கள். 75 முதல் 100 மி.மீ. கனமுள்ள சிறு சதுரக் கற்களை இறுக்கிய கிராவல் மேல் பதிக்கலாம். அல்லது கம்பி கட்டிய ஐந்து, ஆறு இஞ்ச் கான்கிரீட் மேல் 50 மி.மீ. கல்லை ஒரு அடிக்கு ஒரு அடித் துண்டுகளாகப் போடலாம்.

5. *படி, விளிம்பு, சாக்கடை மேல் மூடி:* தாங்கல் இல்லாமல் நீளும் எந்தக் கல்லுக்கும் 50 மி.மீ. குறைந்தபட்சம். வண்டி ஏறும் சாக்கடை மூடிக்கு வெறும் கல் கூடாது, கம்பி கட்டிய கான்கிரீட் மூடிதான் வேண்டும்.

திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசல் நிலத்துக்கு இந்த அளவுகள் அப்படியே பொருந்தா. மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண் இரண்டு இஞ்ச் கல்லையும் தூக்கிவிடும். அங்கே கல்லுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை, மேல்மண்ணை ஒன்றரை இரண்டு அடி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பிக் கம்பிவலையோடு கான்கிரீட் போடச் செலவழியுங்கள். அது முடிந்தால் மேலே 25 மி.மீ. கல்லே நிற்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் இவ்வளவு தொல்லை தராது.

மாடியில் திறந்த முற்றம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 40 மி.மீ. கல்லும் ஒரு இஞ்ச் கலவையும் சேர்ந்தால் சதுர அடிக்கு 15 கிலோவுக்குக் குறையாது. மரச்சட்டமும் செங்கலும் கொண்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் இதை ஏற்றக் கூடாது. அங்கே எந்தக் கனத்துக் கல் போடுவதாக இருந்தாலும் முதலில் கட்டடப் பொறியாளர் வந்து உத்தரத்தைப் பார்க்க வேண்டும்.

மட்டக் கணக்கு: கனத்துக்கு உண்மையான எல்லை

பழைய வீடுகளில் கனத்தைக் கட்டுப்படுத்துவது பணத்தைவிட மட்டம்தான். தெருவில் சாலை மேல் சாலையாகப் போட்டு உயர்ந்துகொண்டே வர, வீட்டு முற்றம் அதே இடத்தில் பள்ளமாக நிற்கிறது. முற்றத்தை உயர்த்தினால் நிலைவாசல் படிக்கு மேல் தண்ணீர் ஏறும், தாழ்த்தினால் சாக்கடைக்குத் தண்ணீர் போகாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் உயரத்துக்குள் கிராவல், கான்கிரீட், கலவை, கல் நான்கும் அடங்க வேண்டும். வேலை இந்த வரிசையில் போகட்டும்:

1. நிலைவாசல் படியின் மேல்மட்டத்தை டியூப் லெவல் வைத்து நான்கு சுவரிலும் சாக்பீஸால் குறியுங்கள். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். தண்ணீரை முழுக்க ஓடவிட்டு நிரப்புங்கள்.

2. சாக்கடை வாயின் அடிமட்டத்தை அதே குறியிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. முற்றத்தின் முடிந்த மட்டம் படிக்குக் குறைந்தது 4 இஞ்ச் கீழே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரம் கொட்டும் மழையை அந்த 4 இஞ்ச்தான் வாசலுக்கு வெளியே நிறுத்தும்.

4. சாக்கடைப் பக்கம் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு இஞ்ச் வாட்டம் கொடுங்கள்.

5. மிஞ்சும் உயரத்தில் கான்கிரீட்டுக்கு 4, கலவைக்கு 1, கிராவலுக்கு 3 இஞ்ச் கழியுங்கள். மீதிதான் கல்லின் கனம்.

ஓர் உதாரணம்: வாசல் ஓரத்தில் படியின் மேல்மட்டத்திலிருந்து இப்போதைய மண்வரை 9 இஞ்ச். முடிந்த மட்டம் 4 இஞ்ச் கீழே என்றால் கையில் இருப்பது 5 இஞ்ச். கிராவல், கான்கிரீட், கலவைக்கே 8 இஞ்ச் போய்விடும். மேலே ஒரு இஞ்ச் கல். ஆக 9 இஞ்ச் வேண்டும், 4 இஞ்ச் தோண்ட வேண்டும். கல் இரண்டு இஞ்ச் என்றால் 5 தோண்ட வேண்டும். சாக்கடைப் பக்கம் வாட்டத்துக்காக இன்னும் இரண்டு. ஒரு இஞ்ச்தானே என்று தோன்றலாம். ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய பொதுச் சுவரின் ஓரத்தில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் ஒரு இஞ்ச்கூடத் தோண்டக் கூடாது. முதலில் ஒரு மூலையில் சிறு குழி எடுத்து அஸ்திவாரத்தின் அடியைப் பாருங்கள். அது மேலாகவே தெரிந்தால் தோண்டுவதை நிறுத்தி, கனமான கல் என்ற எண்ணத்தை விட்டு, 25 மி.மீ. கல்லுக்கு வாருங்கள். உயரம் போதவில்லை என்று கான்கிரீட்டைக் குறைத்துக் கல்லைக் கூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு இஞ்ச் கான்கிரீட் மேல் இரண்டு இஞ்ச் கல்லைவிட, நாலு இஞ்ச் கான்கிரீட் மேல் ஒரு இஞ்ச் கல் நன்றாக நிற்கும். செலவும் பெரும்பாலும் குறைவு.

கடையில் பார்க்க வேண்டியது

பலகையைப் படுக்க வைத்து அளக்காதீர்கள். அடுக்கிலிருந்து நிறுத்தி நான்கு மூலையிலும் கனத்தை அளந்து பாருங்கள். நீங்கள் கேட்ட கனம் குறைந்த மூலைக்குப் பொருந்த வேண்டும், சராசரிக்கு அல்ல. பலகைகளுக்கிடையே இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த லாட் வேண்டாம். அந்த வித்தியாசத்தைக் கொத்தனார் கலவையில் சரிக்கட்டுவார், கலவை கூடிய இடம் காயும்போது அதிகம் சுருங்கும். பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று சொல்லும். உள்ளே கீறல் உள்ள கல் தப்பென்று அடங்கும். சந்தேகமான பலகையின் மேல் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மேல்பரப்பு உலர்ந்த பின்னும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால், கல் பிளக்கப்போவது அந்தக் கோட்டில்தான்.

*குறிப்பு:* பாலிஷ் கிரானைட் எந்தக் கனத்தில் கிடைத்தாலும் முற்றத்துக்கு வேண்டாம். ஈரத்தில் வழுக்கும். ஃபிளேம் அல்லது கொத்திய மேல்பரப்பையே கேளுங்கள். கோலப்பொடியும் அதில் நன்றாகப் பிடிக்கும். வெறுங்காலில் நடக்கும் முற்றத்துக்குக் கறுப்புக் கடப்பாவும் உகந்ததல்ல. வெயிலைக் குடித்துக் கால் வைக்க முடியாமல் சுடும்.

*குறிப்பு:* வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து விழுக்காடு சேர்த்து, ஒரே லாட்டில் வாங்குங்கள். பிறகு தேடினால் அதே கனம் கிடைப்பது அரிது.

பதிக்கும் வரிசை

1. மண்ணை நனைத்து, திமிசு போட்டு இறுக்குங்கள். கிராவலை ஒன்றரை இஞ்ச் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் தனியாக இறுக்குங்கள்.

2. 1:4:8 கலவையில், ஒன்றரை ஜல்லி போட்டுக் கான்கிரீட். வாட்டத்தைக் கான்கிரீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். வாட்டத்தை மேல்கலவையில் கொடுத்தால் ஒரு பக்கம் கலவை இரண்டு மூன்று இஞ்சாகிவிடும்.

3. ஏழு நாள் நனைத்த பிறகு நூல் கட்டி, சாக்கடைப் பக்கத்திலிருந்து பதிக்கத் தொடங்குங்கள்.

4. கல்லின் அடிப்பக்கத்தைக் கழுவி, ஈரத்தோடு வையுங்கள். அடியில் தூசி ஒட்டியிருந்தால் எந்தக் கலவையும் பிடிக்காது.

5. கலவையை முழுப் பரப்பிலும் பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றி, மேலே கல்லை வைத்து ரப்பர் சுத்தியலால் அமர்த்துங்கள். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு உருண்டை வைத்துக் கல்லை உட்கார வைப்பதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். வேலை சீக்கிரம் முடியும், மட்டமும் வரும். ஆனால் ஐந்து உருண்டைக்கு நடுவே நான்கு வெற்றிடங்களை நீங்களே கட்டி வைக்கிறீர்கள். அதற்குப் பிறகு 30 மி.மீ. கல்லும் காப்பாற்றாது.

6. கல்லுக்குக் கல் 3 முதல் 5 மி.மீ., சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி. சுவரோர இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காமல், நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட்டால் அடையுங்கள்.

7. மூன்று நாள் கழித்து ஒவ்வொரு கல்லையும் கட்டையால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் கேட்கும் கல்லை அன்றே எடுத்துவிட்டு மறுபடி பதியுங்கள். கூலி கொடுத்து முடித்த பிறகு அதைச் செய்ய யாரும் வர மாட்டார்கள்.

பாதுகாப்பு

25 கிலோவுக்கு மேற்பட்ட பலகையை ஒருவர் தனியாகத் தூக்க வேண்டாம். 40 மி.மீ.யில் இரண்டரை சதுர அடிக் கல்லே அந்த எடையைத் தொட்டுவிடும். தூக்கும்போது பலகையை நிறுத்தியவாறு பிடியுங்கள். படுக்கையாகத் தூக்கினால் மெல்லிய கல் நடுவில் முறிந்து காலில் விழும். கிரானைட்டை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். தண்ணீர் விட்டபடியே அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பவருக்கு நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். முகத்தில் கட்டிய துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. மூடிய நடைக்குள் அறுக்க வேண்டாம். தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் என்பதால் அறுக்கும் மிஷினின் இணைப்பு, கசிவு கண்டால் தானே அணையும் பிரேக்கர் வழியாக வரட்டும். சிமெண்ட் பாலில் வெறுங்கையோடு நாள் முழுக்க வேலை செய்தால் தோல் வெந்துபோகும், கையுறை வேண்டும்.

பொங்கலன்று கல் தளத்தின் மேல் நேரடியாக அடுப்பு மூட்டாதீர்கள். தீ படும் இடம் விரிந்து, சுற்றியுள்ள குளிர்ந்த இடம் விரியாமல் நிற்க, கிரானைட் படீரென்று சில்லாகத் தெறிக்கும். கனமான கல்லுக்கும் இதே கதிதான். இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி, மேலே மூன்று இஞ்ச் மணல் பரப்பி அதன் மேல் அடுப்பை வையுங்கள். கடப்பா, தாந்தூர், கோட்டாக் கற்களை ஆசிட் ஊற்றிக் கழுவவும் கூடாது. சுண்ணாம்புக் கல் ஆசிட்டில் கரையும். ஒவ்வொரு கழுவலிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கனம் சாக்கடைக்குப் போகும்.

பதித்து முடித்த முற்றத்தை ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வையுங்கள். முதல் மூன்று நாள் யாரும் நடக்க வேண்டாம். இருசக்கர வண்டியைப் பதினான்கு நாளுக்கு முன்பும், காரை இருபத்தெட்டு நாளுக்கு முன்பும் ஏற்றாதீர்கள்.